இணையவழி உளவளத்துணை: யாம் அறிந்த சில

எமது கல்லூரியின் இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்துதவுமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, துடுப்பாட்டத்தைப் பற்றியோ, விடுதிச்சாலை இடியப்பத்தைப் பற்றியோ, எம்மை வரம்பிட்டு வளர்த்த ஆசிரியப் பெருமக்களைப் பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எம்மினும் நன்கு எழுத வல்லார் பலர் இம்மலரில் எழுதுகின்றனர். யாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. மனந்தளர்ந்த ஒருவர் கணினித் திரையின் முன் அமர்ந்து, பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் ஒருவரோடு தனித்து உரையாடத் தொடங்குங்கால் எவற்றை எதிர்பார்க்கலாம் என்பதே அது. பழைய மாணவர் மலருக்கு இஃது ஏற்றதோ என ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவாம். சென்ற ஆண்டு நிகழ்ந்த பழைய மாணவர் இராப்போசனத்திலே, எமது வகுப்பினர் மூவர், ஒருவரையறியாது ஒருவராய் எம்மைத் தூணருகே அழைத்துத் தாழ்ந்த குரலில் வினாவியது இதனையே. மூவர்க்கும் தனித்தனியே விடை கூறியதனை இங்கே ஒருங்கு எழுதுகின்றோம்.

1965ஆம் ஆண்டிலே சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றிய வகுப்பு எமது வகுப்பு. எம்முள் எஞ்சியோர் பலரும் இன்று ஒரேவகை வாழ்வினராய் இருக்கின்றோம். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் குடியேறிவிட்டனர். ஆறு அறை கொண்ட வீட்டில், மாலையானதும் ஓரறையில் மாத்திரம் விளக்கெரிகின்றது. நலம் வினாவுவார்க்கு, “ஏதோ இருக்கிறேன்” என்னும் இரு சொற்களையே விடையாகத் தருகின்றோம். அவ்விரு சொற்களுள் எத்துணை அடங்கியிருக்கின்றன என்பதனைக் கேட்பவரும் அறிவார்; அறிந்தும் மேலே கேளார். ஆண்பிள்ளை அழலாகாது என்று வளர்க்கப்பட்டவர்கள் யாம். பிரம்படி வாங்கியபோதும் முகத்தை நேரே வைத்திருந்ததைப் பெருமையாகப் பேசிக்கொள்பவர்கள்.

எமது மனைவியார் 2022ஆம் ஆண்டு தை மாதத்திற் காலமாயினார். அவ்வாண்டு பங்குனி இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது வாசகர்க்கு நினைவிருக்கும். அவ்விருளிலேதான் எமது தனிமை தொடங்கிற்று. மின்சாரம் மீண்ட பின்னரும் உறக்கம் மீளவில்லை. இரவு ஒன்பது மணிக்குப் படுப்போம். இரண்டு மணிக்கு விழிப்போம். விடியும்வரை முகட்டைப் பார்த்துக் கிடப்போம். உணவிற் சுவையில்லை. நாற்பதாண்டுகள் நில அளவையாளராகக் காடும் கழனியும் அளந்து திரிந்த யாம், படலைக்கு அப்பாற் செல்லாது வாரங்களைக் கழித்தோம். குடும்ப வைத்தியர் எமது இருதயத்தையும் இரத்தத்தையும் சோதித்துக் குறையொன்றும் காணாது, “ஐயா, மருந்து வேண்டுமானால் தரலாம், ஆனால் நீங்கள் ஒருவரோடு இருந்து கதைக்கவும் வேண்டும்” என்றார். ரொறன்ரோவிலிருக்கும் மகளுக்கு இஃதெப்படியோ தெரிந்துவிட்டது. மறுகிழமையே கொழும்பிலுள்ள உளவியலாளர் ஒருவரின் பெயரும் நேரமும் எமது கைத்தொலைபேசிக்கு வந்து சேர்ந்தன.

மேலே செல்லுமுன் சொற்கள் சிலவற்றைப் பிரித்தறிதல் நன்று. உளமருத்துவர் என்பார் வைத்தியக் கல்வி கற்றவர். மருந்து எழுத வல்லவர். உளவியலாளர் மனத்தின் இயல்பையும் அதற்கான உரையாடற் சிகிச்சைகளையும் பயின்றவர், மருந்து எழுதார். உளவளத்துணையாளர் என்னும் பெயர் அகன்றது; பல்லாண்டு பயின்றவரும் அப்பெயரைப் பூணுவர், சில வாரங்கள் பயின்றவரும் பூணுவர். ஆதலின் என்ன பயின்றீர்கள், எத்தனை ஆண்டு பயின்றீர்கள், உங்களுக்கு மேலிருந்து வழிகாட்டுவார் உளரோ என்று கேட்டல் அவமரியாதையன்று. காணியொன்றை வாங்குமுன் உறுதியைப் பார்க்கின்றோமல்லவா?

திரைவழிச் சிகிச்சை நேற்று முளைத்ததொரு புதுமை என எண்ணுவாரும் உளர். 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்திலேதான் அது வீடுதோறும் புகுந்தது என்பது மெய்யே. ஆயினும் அதன் வேர் பழையது. ஐக்கிய அமெரிக்காவின் நெபிராஸ்கா மாநிலத்திலே, சிசில் விற்சன் என்னும் உளமருத்துவர் 1950களின் இறுதியிலேயே இருவழித் தொலைக்காட்சியைக் கொண்டு நோயாளரோடு உரையாடும் முறையைக் கையாண்டார். 1964இல் ஒமாஹா நகரத்து உளமருத்துவ நிலையத்தையும் 112 மைல் தொலைவிலுள்ள நோர்போக் வைத்தியசாலையையும் அவ்வாறு இணைத்துவிட்டனர். அந்நாளில் எமது கல்லூரியில் வானொலிப் பெட்டி ஒன்றே பெருவியப்பாய் இருந்தது. நிற்க.

முதற்படி கால்மணி நேரத் தொலைபேசி உரையாடல். அதற்குக் கட்டணமில்லை. மறுமுனையிற் பேசிய அம்மணியின் தமிழ் மட்டக்களப்புத் தமிழ். எமது மகளினும் இளையவர். அவரை எவ்வாறு விளிப்பதென்று தடுமாறி, “டொக்டர்” என்றோம். “நான் டொக்டர் இல்லை ஐயா, பெயர் சொல்லியே கூப்பிடலாம்” என்றார். இளையவராயினும் வைத்தியம் செய்வாரைப் பெயர் சொல்லி அழைக்க எமது நா எழவில்லை. ஈற்றில் “பிள்ளை” என்பதிலே இருவரும் உடன்பட்டோம். இதனை விளையாட்டாகச் சொல்லவில்லை. இருவர் ஒருவரையொருவர் எப்படி விளிப்பது என்பது தெளிவாகும்வரை எம்மவரால் உண்மையெதனையும் பேச இயலாது. முதல் நாளிலேயே அதனைக் கேட்டுத் தீர்த்துக்கொள்வது நலம்.

அடுத்து வருவன படிவங்கள். இவற்றை வாசியாது ஒப்பமிடுவார் பலர். யாம் எழுத்தெழுத்தாக வாசித்தோம், அது தொழிற்பழக்கம். ஒவ்வோர் அமர்வும் 50 நிமிடம். 24 மணி நேரத்துக்கு முன் அறிவியாது தவறினாற் கட்டணம் உண்டு. பேசுவன ஒளிப்பதிவு செய்யப்படமாட்டா. செய்ய வேண்டுமாயின் எழுத்தில் இசைவு பெறப்படும். சொல்லியவை வெளிச்செல்லமாட்டா, மகள் பணம் செலுத்தினும் மகளுக்கும் சொல்லப்படமாட்டா. இதற்கு விலக்கும் உண்டு. எமது உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து உண்டென்று கண்டாலும், சிறுவரெவர்க்கேனும் தீங்கு நிகழ்கின்றதென அறிந்தாலும், சட்டம் வேண்டினாலும் அவர் பிறர்க்கு அறிவிப்பார். இவ்விலக்குகளைத் தொடக்கத்திலேயே வெளிப்படச் சொல்லாத உளவளத்துணையாளரிடம் யாம் செல்லமாட்டோம்.

படிவத்திலே ஒரு வினா எமக்கு வியப்பளித்தது. எமது வீட்டு முகவரி, அண்மையிலுள்ள வைத்தியசாலை, அரைமணி நேரத்துள் எம்மிடம் வந்து சேரக்கூடிய ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்கப்பட்டிருந்தன. அதுமட்டுமன்று; ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும், “ஐயா, இன்றைக்கு எங்கே இருந்து கதைக்கிறீர்கள்?” என்று அவர் கேட்பார். கொழும்பிலிருப்பவர்க்கு எமது கையைப் பற்ற இயலாது. வேண்டியபோது பற்றக்கூடிய கை எங்குளது என்று அறிந்துவைத்தல் அவருடைய கடமை. யாம் தம்பியின் மகனது பெயரை எழுதினோம். எமது பெறாமகன் இரண்டு ஒழுங்கை தள்ளிக் குடியிருக்கிறான்.

இணையத்தில் இத்தொழிலைப் பெருவணிகமாக நடத்துவாரும் உளர். தம்மிடம் வந்தோர் நம்பியளித்த விவரங்களை விளம்பர நிறுவனங்கட்குக் கொடுத்தமைக்காக, அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு ஆணைக்குழு 2023ஆம் ஆண்டில் அத்தகைய நிறுவனமொன்றை 78 இலட்சம் டொலர் செலுத்தச் செய்தது. எனவே விவரங்கள் எங்கே வைக்கப்படும், எவர் காண்பர், எத்தனை ஆண்டுக்குப் பின் அழிக்கப்படும் என்று கேட்டறிக.

இனி இடத்தைப் பற்றிக் கூறுவாம். யாழ்ப்பாணத்துப் பழைய வீட்டிலே அந்தரங்கம் என்பது அருமையானது. எமது வீட்டுச் சுவர்கள் முகட்டைத் தொடுவதில்லை. ஓரறையில் தும்மினால் மறுகோடியில் வாழ்த்துவர். காலையிற் சமைக்க வரும் அம்மையாரோ, ஒரு சொல்லைக் கேட்டு ஒரு கதையைச் சந்திக்குக் கொண்டுசெல்லும் ஆற்றல் பெற்றவர். கதவை மூடிக்கொண்டாலோ, பகலிற் கதவை மூடியதேன் என்பதுவே செய்தியாகிவிடும். பலவாறு சிந்தித்து ஈற்றில் யாம் தேர்ந்த இடம், எமது தந்தையார் காலத்து மொறிஸ் மைனர் கார். அது பின்வளவுக் கொட்டிலில் ஓடாது நிற்கிறது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டாற் குரல் வெளிச்செல்லாது. வீட்டு இணைய இணைப்போ அதுவரை எட்டுகின்றது. காரைத் துடைக்கப் போகிறார் என்று ஊரார் எண்ணிக்கொள்வர். சிரிப்பார் சிரிக்க, உலகெங்கும் பலர் தம் காருக்குள் இருந்தே இவ்வுரையாடலைச் செய்கின்றனர் என்று அப்பிள்ளை கூறினார்.

கைத்தொலைபேசியைக் கையிற் பிடித்துக்கொண்டிராது, கண்மட்டத்தில் ஓரிடத்திற் சார்த்தி வைத்தல் வேண்டும். காதிற் பொருத்தும் ஒலிவாங்கி வேண்டும். மின்சாரம் நின்றால் என் செய்வது, தொடர்பு அறுந்தால் யார் யாரை அழைப்பது என்று முன்னரே பேசிவைத்தல் வேண்டும். எம்மிருவர்க்குமிடையே உடன்பாடு, ஐந்து நிமிடம் காத்திருந்து அவர் சாதாரண தொலைபேசியில் அழைப்பார் என்பது. ஒருமுறை மழைநாளில் அது பயன்பட்டது.

திரையின் மூலையிலே தம் முகமும் தோன்றுவது பெருந்தொல்லை. துயரத்தைச் சொல்லும்போதே, இக்கிழவன் யார், இவன் கன்னம் ஏன் இப்படித் தொங்குகின்றது என்று மனம் ஓடும். அதனை மறைத்துவிட வழியுண்டு, மறைத்துவிடுக. கண்ணோடு கண் நோக்குதல் திரையில் முற்றும் கைகூடாது. அவர் முகத்தைப் பார்த்தால் யாம் கீழே பார்ப்பதாக அவர்க்குத் தோன்றும்; கமராவைப் பார்த்தாலோ அவர் முகம் எமக்குத் தெரியாது. இரண்டாம் மூன்றாம் அமர்வுக்குள் இது பழகிவிடும்.

முதலமர்விலே மந்திரம்போல் ஏதோ நிகழும் என்று எதிர்பார்த்தல் வேண்டா. அது பெரும்பாலும் வினாவும் விடையுமே. ஏன் வந்தீர்கள், எப்போது தொடங்கிற்று, உறக்கம் எப்படி, உணவு எப்படி, மது உண்டா, முன்னர் இவ்வாறு நேர்ந்ததா, குடும்பத்தில் எவர்க்கேனும் இருந்ததா, எவை மாறினால் நன்றென்று எண்ணுகின்றீர்கள் என்பன. அறிவுரை கூறுவார் என்றும், தேவாரம் பாடச் சொல்வார் என்றும், “எல்லாம் விதி” என்று ஆற்றுவார் என்றும் எமது நண்பர் சிலர் கருதினர். அவர் இவற்றுள் ஒன்றையும் செய்திலர். யாம் பேசி நிறுத்தினால் அவரும் பேசாதிருப்பார். அம்மௌனம் முதலில் வகுப்பறையில் விடை தெரியாது நின்ற மௌனம் போலிருந்தது. இணைப்பு அறுந்ததோ என்று ஐயுற்று, “பிள்ளை, கேட்கிறதா?” என்று மும்முறை வினாவினோம். “கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் ஐயா” என்றார்.

வினாத்தாளொன்றும் உண்டு. உலகெங்கும் வழங்கும் ஒன்பது வினாத்தொகுதி அது, அமெரிக்க அறிஞர் மூவர் ஆக்கி 2001இல் வெளியிட்டது, தமிழிலும் உண்டு. கடந்த இரு கிழமைகளில் ஊக்கமின்மை, உறக்கக் குறைவு, களைப்பு, உணவில் வெறுப்பு முதலியன எத்தனை நாள் இருந்தன என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. மொத்தம் 27. பரீட்சையிற்போல மிகுதியாகப் பெறுதல் இங்கே பெருமையன்று. யாம் பெற்றவை 16. ஓரளவு கடுமையான மனச்சோர்வு என்று அதற்குப் பொருள் கூறினார்.

ஒன்பதாம் வினா இறந்துவிட்டால் நன்றென்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்கு “சில நாள்கள்” என்று யாம் குறித்திருந்தோம். குறித்தபோது, எவரும் அதனைக் கவனியார் என்றொரு நினைவு. அவரோ முதலாவதாக அதனையே எடுத்தார். குரலிற் பதற்றமில்லை, வெறுப்புமில்லை. “ஐயா, அந்த எண்ணம் வரும்போது எப்படிச் செய்வது என்றும் யோசித்தீர்களா?” என்றார். எழுபத்தைந்து ஆண்டு வாழ்விலே எம்மை எவரும் அவ்வாறு கேட்டதில்லை. கேட்டால் அவ்வெண்ணம் வளர்ந்துவிடும் என்று எம்மவர் அஞ்சுவர். அஃது உண்மையன்று. கேட்கப்பட்ட அக்கணத்திலே, பல மாதமாக நெஞ்சின்மேல் இருந்ததொன்றைப் பிறரொருவர் ஒருமுனையிற் பிடித்துத் தூக்கியது போலிருந்தது. வீட்டில் தோட்டத்து மருந்து எதுவும் உண்டா என்றும் கேட்டார். யாம் விடை கூறுமுன் காரின் கண்ணாடியூடாகப் பார்த்தோம். வெங்காயத்துக்கு அடிக்கும் மருந்து, கொட்டிற் தட்டிலே, யாம் இருந்த இடத்திலிருந்து ஆறடி தொலைவில் இருந்தது. அன்று மாலையே பெறாமகன் வந்து அதனை எடுத்துச் சென்றான். அவனுக்கு என்ன சொல்வது என்பதனையும் அவரோடு பேசியே முடிவு செய்தோம். “ஏன்?” என்று அவன் கேட்டிலன், பெரியப்பா என்று அழைப்பவன் அன்று சிறுபிராயத்துப் பழக்கமாய் எமது கையை மாத்திரம் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றான்.

இதனை வாசிப்போருள் அத்தகைய எண்ணமுடையார் எவரேனும் இருப்பின், அடுத்த கிழமை அமர்வுக்குக் காத்திருத்தலாகாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்தை அழைத்தல் வேண்டும்; அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். 1953இல் இலண்டனிலே சாட் வாரா என்னும் பாதிரியார் தொலைபேசி வழியாகத் தொடங்கிய தொண்டின் வழியிலே, எமது நாட்டிற் ‘சுமித்ரயோ’ 1974 முதல் இயங்கி வருகின்றது. கணினித்திரை எல்லா நோய்க்கும் இடமன்று. உடனடி ஆபத்திலிருப்பார்க்கும், இல்லாத குரல் கேட்பார்க்கும், வீட்டிலே தம்மைத் துன்புறுத்துவார் செவிக்கெட்டும் தொலைவில் இருப்பார்க்கும் நேரிற் காண்பதே தகும். ஏனைய மனச்சோர்வுக்கும் அச்சத்துக்கும் திரைவழி உரையாடலும் நேரில் உரையாடலும் பெரும்பாலும் ஒத்த பயனே தருகின்றன என்பது ஆராய்ந்தோர் முடிபு. அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளிற் கட்டணமும் இல்லை. அங்கே வரிசையில் எம்மை யார் காண்பரோ என்ற கூச்சமே எம்மவர் பலரைத் தடுக்கின்றது. நீரிழிவுச் சிகிச்சை வரிசையில் நின்று அரசியல் பேசுவோர் இவ்வரிசையில் நிற்கக் கூசுவதேன் என்பது எமக்கு இன்றும் விளங்கவில்லை.

இரண்டாம் அமர்விலிருந்து வேலை தொடங்கும். வேலை என்னும் சொல்லைத் தெரிந்தே எழுதுகின்றோம். எமக்கு இடப்பட்ட முதல் வேலை உறக்கக் கொப்பி. படுத்த நேரம், உறங்கியதாகத் தோன்றும் நேரம், விழித்த நேரம், எழுந்த நேரம் ஆகியவற்றை நாள்தோறும் எழுதினோம். ஒன்பது மணி நேரம் படுக்கையிற் கிடந்து நாலரை மணி நேரமே உறங்கினோம் என்பது கணக்கில் வெளிப்பட்டது. அதன்பின் அவர் கூறியது விந்தையானது: படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டுமாம்! நள்ளிரவு 12 மணிக்கு முன் படுத்தலாகாது, காலை 5.30க்குப் பின் கிடத்தலாகாது; பகலில் உறங்கலாகாது; விழித்துக் கிடக்க நேர்ந்தால் எழுந்து விறாந்தைக்குப் போய், உறக்கம் வந்தபின் மீளல் வேண்டும். தூக்கமின்மைக்கு மருந்தினும் முதலில் இம்முறையையே கையாளுமாறு அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் விதந்துரைத்ததாம். முதற்கிழமை பெருந்துன்பம். மாலை ஏழு மணிக்கே தலை சரியும். மூன்றாங்கிழமையில், படுக்கை நேரத்தில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் உறங்கினோம். கால்மணி கால்மணியாக நேரம் கூட்டப்பட்டது. விகிதம் கணித்துப் பழகிய எமக்கு இப்பகுதி மிகவும் பிடித்தது. ஆயினும் வலிப்பு முதலிய நோயுடையார்க்கு இம்முறை ஆகாது. எவரும் தாமாகவே இதனைத் தொடங்கற்க.

உறக்கம் சீர்ப்படத் தொடங்கிய அக்காலத்திலேதான் மனம் முன்னிலும் மோசமாயிற்று. இதனையும் எதிர்பார்த்திருத்தல் வேண்டும். அவர் முன்னரே கூறியுமிருந்தார். பலர் இவ்விடத்திலேயே நிறுத்திவிடுகின்றனர். எமக்கு நேர்ந்ததனைச் சற்று விரித்துக் கூறுவாம்.

ஐந்தாம் அமர்வில், மனைவியாரைப் பற்றிப் பேசவேண்டும் என்று இருந்தோம். பேச்சோ எமது அன்னையாரிடம் சென்றது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தமை எம்மவர் அனைவரும் அறிந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தை அணுகவே விடியற்காலமாயிற்று. 81 வயதான அன்னையாரைச் சைக்கிளின் பின்னாசனத்தில் இருத்திச் சேலையாற் கட்டி, யாம் தள்ளிச் சென்றோம். மனைவியார் பின்னிருந்து அன்னையாரின் தலையைத் தாங்கியவாறே நடந்தார். தென்மராட்சியில் அறியாதார் ஒருவர் வீட்டு விறாந்தையிலே பதினெட்டு நாளில் அன்னையார் உயிர் நீத்தார். கீரிமலைக்குச் செல்ல இயலாத காலம் அது. அஸ்தியைக் கச்சாய்க் கடலோரத்திற் கரைத்துவிட்டு வந்தோம். இவ்வளவையும் ஓர் அளவைக் குறிப்பை வாசிப்பதுபோல வாசித்து முடித்தோம்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், “அந்த இரவை நினைவில் வைத்திருக்கிற ஆள் இப்போது உங்களோடு வேறு யார் இருக்கினம் ஐயா?” என்று கேட்டார், எமது ஊர்ப் பேச்சைச் சிறிது பழகியிருந்தார் போலும். விடை கூற வாயெடுத்த யாம் கூற மாட்டாது நின்றோம். மனைவியாரோடு போனது மனைவியார் மாத்திரமன்று. அன்னையாரின் தலையைத் தாங்கிய கையும், அதற்குச் சாட்சியும் உடன் போயின. அதனை அவர் கூறவில்லை. வினாவை மட்டும் வைத்தார். 27 ஆண்டுகளுக்கு மேலாக அழாத அழுகையை மொறிஸ் மைனரின் பின்னாசனத்திலிருந்து அழுதோம். போரினால் எம்மக்கள் அடைந்த உளக்காயங்களைப் பற்றி, யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் ஆங்கிலத்தில் நூலொன்று வெளியிட்டார். அந்நூலை யாம் அலுமாரியில் வைத்திருந்தோம்; அது பிறரைப் பற்றியது என்றே இருந்தோம்.

இங்கேதான் திரையின் குறையும் தெரிந்தது. நேரிலாயின் ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்துத் தருவார், வாசல்வரை வருவார், யாம் வீதியில் நடந்து வீடு சேர்வதற்குள் முகம் தெளியும். திரையிலோ ஒரு பொத்தானை அழுத்தியதும் எல்லாம் மறைந்து, கொட்டிலும் காரும் யாமுமே எஞ்சுகின்றோம். அன்று முதல் ஓர் ஒழுங்கு செய்துகொண்டோம். அமர்வுக்குப் பின் அரைமணி நேரம் எவரோடும் பேசாது குளக்கட்டில் நடப்பது. அன்று வேறு முக்கிய அலுவல் எதனையும் வைத்துக்கொள்ளாதிருப்பது. பக்கத்திலே தண்ணீரும் துவாயும் வைத்துக்கொள்வது. அடுத்த இரு கிழமையும் உணவு இறங்கவில்லை. எட்டாங்கிழமையில் ஒரு காலை, கிணற்றடியிற் செவ்விளநீர்த் தென்னையில் பாளை விட்டிருப்பதைக் கண்டு நின்றோம். அது பாளை விட்டுப் பத்து நாளாவது இருக்கும்.

எத்தனை அமர்வு வேண்டும் என்பது மூவரும் கேட்ட வினா. ஆறிலும் முடியும், இருபதிலும் முடியும், சிலர்க்கு மேலும் வேண்டும். எமக்குப் பதினான்கு. முதற் பத்தும் கிழமைக்கொன்று. பின்னவை இரு கிழமைக்கொன்று. நான்கு அமர்வுக்கொருமுறை, எங்கு நிற்கின்றோம் என்று இருவரும் கணக்குப் பார்ப்போம். மூன்று நான்கு அமர்வுக்குப் பின்னும் இவரோடு மனம் பொருந்தவில்லை எனின் அதனை அவரிடமே கூறலாம். வேறொருவரைக் காட்டித் தருமாறும் கேட்கலாம். நல்லவராயின் முகம் சுளியார். எமது வகுப்பினர் ஒருவர் இரண்டாமவரிடத்திலேதான் பொருந்தினார். தமிழிற் பேசுவார் கிடைப்பது எளிதன்று. ஆயினும் கிடைக்கும்வரை தேடுதல் தகும். ஆங்கிலத்திற் பரீட்சை எழுதினோம், அலுவலகம் நடத்தினோம். அன்னையாரைப் பற்றி ஆங்கிலத்தில் யாம் எங்ஙனம் பேசுவோம்?

ஈற்றமர்வில் அதே ஒன்பது வினாத்தாளை மீண்டும் நிரப்பினோம். 6 புள்ளி. ஒன்பதாம் வினாவுக்கு 0. இரவில் ஆறு மணி நேரம் உறங்குகின்றோம். மனைவியாரின் கதிரையைப் பார்க்கும்போது நெஞ்சு அடைப்பது நிற்கவில்லை. நிற்கவேண்டும் என்று யாம் கேட்கவுமில்லை. 2024ஆம் ஆண்டு சித்திராபௌர்ணமியன்று, தாயை இழந்தோர் நோற்கும் அந்நாளிலே, பெறாமகனுடன் கீரிமலைக்குச் சென்று அன்னையார்க்குச் செய்யவேண்டியதைச் செய்து கேணியில் நீராடி வந்தோம். வரும் வழியில் நாவற்குழியைப் பற்றி அவனுக்குக் கூறினோம். 1995இல் அவன் கைக்குழந்தை. பலமுறை குறுக்கிட்டுக் கேட்டான்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்பிள்ளையோடு பேசுகின்றோம். தூணருகே வினாவிய மூவர்க்கும், வினாவ எண்ணி வாளாவிருந்தோர்க்கும் ஓர் அறிவித்தல். வீட்டிலே தனித்துப் பேச இடமில்லை என்பார்க்கு எமது மொறிஸ் மைனர் பெரும்பாலும் ஒழிந்தேயிருக்கும். இணைய இணைப்பின் கடவுச்சொல்லைத் தருவோம். இடப்பக்கக் கதவு சற்று இறுக்கம். உயர்த்தி இழுத்தல் வேண்டும். வருமுன் ஒரு சொல் அறிவித்தால், சமைக்கும் அம்மையாரைச் சந்தைக்கு அனுப்பிவைப்போம்.